ஆர்லினின் பாதிக் காது

மேற்கு வர்ஜீனியா மலையில் ஆர்லின் டாக்கெட் கேட்டில் நின்று குரல் கொடுத்தால், மூன்று மலைக்கு அப்பால் கரடி எழுந்து ஓடும். சரி, மூன்று மலை கொஞ்சம் அதிகம்தான். ஒரு மலை, ஒரு கிழட்டு நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் அவரை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது அந்தக் குரல். எங்கள் பக்கத்தில் கேட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் வாசலை மிதிப்பது. கூப்பிடாமல் நுழைந்தவன் சுடப்பட்டால் யாரும் பரிதாபப்படுவதில்லை.

பிறகு அவரை மத்திய அரசு வழக்கறிஞராக்கினார்கள். முதல் பெரிய வழக்கே ஷெரிஃப் பர்ல் மஸ்கிரேவ்மேல். சுரங்க வேலைநிறுத்தத்தின்போது டெல்பர்ட் என்ற தொழிலாளியை, அவர் வீட்டுச் சமையலறையிலேயே துப்பாக்கிக் கட்டையால் தாடை பிளக்க அடித்து, விழுந்தவரின் விலாவை பூட்ஸ் காலால் மிதித்துக் கொன்றவன். உள்ளூர் நீதிபதி அவன் மச்சான். அங்கே வழக்கு நகரவில்லை. அதனால்தான் ஆர்லின் கையில் எடுத்தார். கண்ணால் பார்த்த ஒரே சாட்சி டெல்பர்ட்டின் மனைவி ஓனா. அவள் வாய் திறக்காவிட்டால் மஸ்கிரேவ் மறுபடி அதே ஷெரிஃப் நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவான்.

அவளைச் சம்மதிக்கவைக்க ஆர்லினே போனார். கொட்டுகிற மழை. பட்டணத்தில் அழைப்புமணி அடித்துப் பழகிய கை. கூப்பிட மறந்து கேட்டைத் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டார். ஜன்னலிலிருந்து இரட்டைக்குழல் வெடித்தது. இடது காது பாதி பறந்தது. தோள் சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. சேற்றில் குப்புற விழுந்தார். காவலுக்குக் கூட வந்து காரிலிருந்த மார்ஷல் ஹார்லெஸ் துப்பாக்கியை உருவிக்கொண்டு ஓடிவந்தான்.

"சுட்றாதப்பா," என்றார் ஆர்லின், வாயில் சேற்றோடு.

"ஐயா, உங்களக் கொல்லப் பாத்திருக்கா. வெலங்கு மாட்டாம விடமாட்டேன்."

"நான் கூப்பிடாம வந்துட்டேன். தப்பு எம்பேர்ல."

ஹார்லெஸும் மலைக்காரன். துப்பாக்கியை இறக்கினான். "பட்டணத்துக்குப் போயி பழக்கத்தத் தொலச்சீங்க. இப்ப காதும் போச்சு."

ஓனா இறங்கி வந்தாள். பாவாடை ஓரத்தைக் கிழித்து, ரத்தம் பீறிட்ட காதில் அழுத்தினாள்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஆர்லினின் கட்டுப்போட்ட தலையைக் காட்டினார். "வந்த ஆளச் சுடுற பொம்பள. இவ பேச்ச நம்புவீங்களா?"

ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மலைக்காரர்கள். கூப்பிடாமல் போனவனின் காதுக்காக அவர்கள் இரங்கவில்லை. ஓனா சொன்னதை மட்டும் கேட்டார்கள்: கணவர் எந்தப் பக்கம் சாய்ந்தார், விலா முறிந்தபோது என்ன சத்தம் வந்தது, மிதித்தது யார் கால். மஸ்கிரேவ் சிறைக்குப் போனான். அங்கேயே கத்திக்குத்து வாங்கிச் செத்தான்.

ஆர்லினைப் புதைத்த வாரம், இதுவரை எழுதியதை ஓனாவிடம் வாசித்துக் காட்டினேன். பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அவரு மறக்கல," என்றாள். "ரெண்டு தடவ கூப்பிட்டாரு. 'ஓனாக்கா, நான் ஆர்லின் வந்திருக்கேன்'னு. அந்த ஹார்லெஸ் கார் கண்ணாடிய ஏத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், மழை வேற, அவனுக்குக் கேக்கல. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. சர்க்கார் ஆளுன்னா எல்லாரும் ஒண்ணுதான்னு நெஞ்சப் பாத்துத்தான் சுட்டேன், மழையில குறி தப்பிருச்சு. சேத்துல கெடந்துக்கிட்டு எனக்காகப் பொய் சொன்னாரு பாரு, அப்பத்தான் இந்தாளுக்காக வாயத் தொறக்கலாம்னு தோணுச்சு."