பலகாரம் கணக்கில் வராது

திருவனந்தபுரத்தில் மத்தியானம் ஆனால் எதிரே வருகிறவர்களெல்லாம் "ஊணு கழிஞ்ஞோ?", சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார்கள். இல்லை என்றாலும் ஒன்றும் நடக்காது; தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் வள்ளியூர்ப் பக்கம் அப்படியா? சாப்பிடவில்லை என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு, கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை போட்டுவிடுவார்கள். இருபது வருடமாக இந்த ஊர்க்காரர்களின் கேள்வி எனக்கு வெறும் வாய் உபசாரமாகத்தான் பட்டது. போன வருடம், நூற்று நாற்பத்திரண்டு கிலோவில், இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுக்கிற ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்த பிறகுதான், கேட்டுவிட்டுச் சும்மா போகிறவர்களின் அருமை தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் பட்டினி. அந்த வார்த்தை ஆஸ்பத்திரி டயட்டீஷியன் பெண்ணுக்குப் பிடிக்காது. ஒரு நாளைக்கு நான்கு வேளை, வெனிலா வாசமடிக்கும் ஒரு பொடியைக் கலக்கிக் குடிக்க வேண்டும். கூடவே தெளிந்த சூப்பும் கொஞ்சம் வெள்ளரிக்காயும். அவ்வளவுதான். "லிவர் சுருங்ஙணம் சேட்டா. இல்லெங்கில் டாக்டர்க்கு ஸ்டொமக் காணான் பற்றில்ல," என்றாள். என் ஈரல் கொழுத்துப்போய் இரைப்பையின் மேல் சாய்ந்து கிடக்கிறதாம். அது சுருங்கி வழிவிட்டால்தான் கத்தி உள்ளே போகும். ஆரியசாலையில் நான் மானேஜராக இருக்கும் மளிகை மொத்தக்கடைக்கு மொத்தம் நாலே படி. அதை ஏறவே நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவன் நான். வயது நாற்பத்தாறு, சர்க்கரை ஏறி, முழங்கால் இரண்டும் போயாயிற்று. இதை விட்டால் வேறு வழியில்லை என்று எனக்கே நன்றாகத் தெரியும்.

எனக்கு உறவென்று ஒரே அக்கா, வள்ளியூரில். ஆபரேஷன் என்றால் ரயிலேறி வந்து காதைப் பிடித்து இழுத்துப் போய்விடுவாள். ஆகவே பதினைந்து நாள் விரதம், சோறு தொடமாட்டேன் என்று போனில் அளந்துவிட்டேன். சாமி பெயரைச் சொன்னால் யாரும் நோண்டமாட்டார்கள் என்று நினைத்தேன். கல்யாணமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம் என்று திரிந்த தம்பிக்குப் பக்தி வந்துவிட்டதே என்ற பூரிப்பில், ஐந்தாம் நாள் அவள் என் வலியசாலை வீட்டு வாசலில் நின்றாள், இட்லிக் கொப்பரையோடு.

நம் பக்கத்து விரதம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அரிசியை வடித்தால் சோறு, விரதம் கெட்டது. அதே அரிசியை ஆட்டி ஆவியில் வைத்தால் பலகாரம், விரதம் நிற்கும். "ஏல, ஒரு வாய் சோறு வச்சேனா? இட்லி பலகாரம்லா!" என்று ஆறு இட்லியை வைத்து, மிளகாய்ப்பொடியில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றினாள். ஐந்து நாள் வெனிலாவில் நாக்கு செத்துக் கிடந்தவனுக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ரவா உப்புமா. அதற்கு மறுநாள் அடை. பொடியையும் நான் கைவிடவில்லை; அடைக்கு மேல் அதையும் குடித்தேன். ஒரு பருக்கை சோறு தொடவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

இரண்டு வாரம் முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் இம்மியும் சுருங்கவில்லை. சோறு சாப்பிட்டேனா என்று டயட்டீஷியன் கேட்டாள். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். "பின்னே?"

"பலகாரம் மாத்ரம்."

பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். "இட்லி அரியல்லே சேட்டா?"

இட்லியும் அரிசிதானே என்று நாற்பத்தாறு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. இன்னும் இரண்டு வாரம் தருகிறேன், மறுபடியும் இப்படி வந்தால் ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். "வயித்த அறுக்கப் போறத மறச்சுட்டு, நான் அவிச்சுப் போட்டதயும் தின்னுருக்கியே, நீ வெளங்குவியால?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "அறுக்காட்டி என்னாவும்?" என்றாள்.

"ரொம்ப நாள் தாங்காதுக்கா."

கொப்பரையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அதன்பிறகு பதினான்கு நாளும் என் சூப்பைத் தவிர வீட்டில் எதுவும் கொதிக்கவில்லை. பொடியைக் கரண்டியால் தலைதட்டி அளந்து கொடுத்தாள். வெள்ளரிக்காயைக்கூட எண்ணித்தான் வைத்தாள். தன் பசிக்குத் தெருமுனைக் கடையில் அப்பமும் கடலைக்கறியும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "நானும் பச்சத்தண்ணி குடிக்கலல" என்பாள். தேங்காயெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் நம்பினதுபோல் இருந்துகொண்டேன்.

ஈரல் வழிவிட்டது, ஆபரேஷனும் முடிந்தது. மறுநாள் நர்ஸிடம் அக்கா கேட்டாள்: "வெட்டுனத எங்கம்மா போட்டீங்க?"

"லேபிலேக்கு அயச்சு சேச்சி."

"திருப்பித் தருவாங்களா?"

"அய்யோ, எந்தினா?" எதற்கென்று கேட்டு நர்ஸ் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. "எங்க அம்மா சோறு போட்டு வளத்ததும்மா அது."

நர்ஸுக்குப் புரிந்ததோ இல்லையோ, டிரிப்ஸைச் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டுக்கும் தையல் இழுத்தது. வள்ளியூர்ச் சோற்றில் வளர்ந்த வயிற்றில் முக்கால்வாசி இந்த ஊரில் ஏதோ ஒரு பாட்டிலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அக்கா என் வயிற்றுக் கட்டின் மேல் நோகாமல் கையை வைத்தாள்.

"மிச்சம் நம்மளதுதாம்ல," என்றாள்.