டிரசரின் சீப்பு

எழுபதுகளில் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். பெண்கள் நாங்கள் வாய்பொத்திச் சிரிப்போம்.

டைபாய்டு வந்து தேறிய மூன்றாம் மாதம் எனக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. உதிர்ந்ததைக் காகிதத்தில் பொதிந்து அவரிடம் கொண்டுபோனேன்.

"அடியில வெள்ளையா இருக்கு பாருங்கய்யா. வேரோட வந்திருச்சு. இனி மொட்டைதான்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு முடியை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"காலையில ஒட்டுப்பால உரிக்கிறியே, மரமா பேந்து வருது?"

"இல்லய்யா. வெட்டுல காஞ்ச பால்தானே வரும்."

"இதுவும் அப்படித்தான் லா. உயிரு தோலுக்குள்ள குழியில இருக்கு. நீ சாப்பிடுற மீனு, முட்டையில உள்ள புரோட்டீன வச்சு அங்கதான் முடி கட்டுது. பால் உறையுற மாதிரி அது இறுகிச் செத்து வெளிய வருது. காய்ச்சல்ல குழி தூங்கிருச்சு. முழிச்சுக்கும்."

பிறகு தன் சீப்பை என் கையில் வைத்தார். "வளந்தப்புறம் வேணும்ல?"

ஆறு மாதத்தில் புதுமுடி காதை மூடியது. வாரிக்கொண்டு, சீப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சட்டைப்பையில் வேறொரு சீப்பு இருந்தது. அன்று வரிசையில் காத்திருந்தவர்களில் அது யாருக்கு என்று இன்றும் யோசிக்கிறேன்.