தகரம் அடைத்த தெருவில் ஒரு ஜன்னல்

எங்கள் தெருவின் இரண்டு முனைகளையும் தகரம் வைத்து அடைத்த பிறகுதான் அப்பா மாடி அறையில் யாரோடோ பேச ஆரம்பித்தார்.

தண்டையார்பேட்டையில், சரக்குக் கிடங்குகளை ஒட்டிய குறுகலான தெரு எங்களுடையது. கன்டெய்னர் லாரிகளின் உறுமலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஊரடங்கு வந்ததும் அந்தச் சத்தம் நின்றது. மணலிப் பக்கமிருந்து வரும் வாயு நெடியும் நின்றது. நல்ல காற்று என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கென்னவோ அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானத்தில் கடல்காற்று அடித்தால் தெருமுனைத் தகரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். வெளியே நின்று யாரோ தட்டுவது போலவே கேட்கும். முதல் நாள் சில வீடுகளில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

தகரம் வந்தது எதிர்வீட்டுப் பாயால். காய்ச்சல் கண்டு, தானே நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறியவர் திரும்பி வரவில்லை. மகன் துபாயில். விமானம் இல்லை. உடலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பாயம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவும் பாயும் துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சாயங்காலமானால் காசிமேட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டுப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கந்தகமும் கரியும் இறக்கி அப்பாவின் நெஞ்சு ஏற்கெனவே கெட்டிருந்தது. கண்ணில் புரை வேறு. கொரோனா நோயாளிகளைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். என் கணவர் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்ததால் பாஸ் வாங்கிக்கொண்டு தினமும் வெளியே போய் வந்தார். அதனால் அப்பாவை மாடி அறையில் தனியாக வைத்தோம். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவேன். பாய் போனதை மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றே சொல்லி வைத்திருந்தோம்.

கொஞ்ச நாளிலேயே அப்பா மங்கிப் போனார். சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வந்தது. பகலெல்லாம் தூங்கினார். என் குரலைக் கேட்டு, "யாரும்மா?" என்று ஒருநாள் கேட்டார். அவரைக் காப்பாற்றத்தான் பூட்டி வைத்திருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் தட்டோடு படியேறும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

"இன்னா பாய், வந்துட்டியா? ஒரு வார்த்த சொல்லல." கொஞ்சம் இடைவெளி. "ரொம்ப எளச்சிட்ட. பேச வேணாம், வுடு. மூச்சு வாங்கும்."

அந்த அறையில் போன் கிடையாது. தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"யாராண்டப்பா பேசிகினு கீற?"

"பாயாண்டதான். ஜன்னலாண்ட குந்திகினு கீறான் பாரு. நீ இன்னா, இன்னும் ஆஸ்பத்திரிலதான் கீறான்னு சொல்லிகினு கீற?"

கீழே இறங்கி வந்து வாசலில் நின்று எதிர்வீட்டு மாடியைப் பார்த்தேன். திரை பாதி விலகியிருந்தது. கம்பிக்குப் பின்னால் இருட்டு. பாய் எப்போதும் உட்காரும் நாற்காலியில் வெள்ளையாக ஓர் உருவம். மெல்லக் கையைத் தூக்கி நெற்றியில் வைத்து எடுத்தது. பாய் சலாம் சொல்வது அப்படித்தான். நான் உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "உங்கப்பாக்கு கண்ணுல புரை, அவரு சொல்லுவாரு. உனக்கு இன்னா?" என்றார்.

"நானும்தான் பாத்தேன்."

அன்றைக்கு அவர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

ஆனால் அப்பா தேறினார். குளித்தார், முகச்சவரம் செய்துகொண்டார். தட்டு காலியாக வந்தது. மத்தியானம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். எங்கள் கவனிப்பால் ஆகாததை அந்த உருவம் செய்துகொண்டிருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள், தன்னார்வலர் கொண்டு வந்த பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நானே எதிர்வீட்டுக்குப் போனேன். பாயம்மா மேலிருந்து கயிற்றில் பை இறக்குவார். கீழே நின்று கூப்பிட்டேன்.

"மேல வராதம்மா," என்று குரல் வந்தது. "காய்ச்சல் வந்த வூடு. நானும் இத்தால கீறேன்."

இத்தா என்பது கணவனை இழந்த பெண் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் துக்க காலம். மேலே பார்த்தேன். திரை ஓரத்தில் வெள்ளைச் சேலையின் முக்காடு தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கப்பா..." என்று இழுத்தேன்.

"தெரியும்மா. அவரு சேர்ல குந்திகினு இருந்தேன். உங்கப்பா பாய்னு கூப்ட்டாரு. அவரு போனப்புறம் இந்த வூட்ட பாத்து யாரும் அப்டி கூப்டல. என்னய அறியாம அவர மாதிரி கைய தூக்கிட்டேன். மறுநாளும் கூப்ட்டாரு. நான் வாயே தொறக்கல, கைய மட்டுந்தான் தூக்குவேன். நான் ஜன்னலாண்ட வரக்கூடாதும்மா. சாத்திடறேன்."

"சாத்தாதீங்க பாயம்மா," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை.

எத்தனை நாள் மறைப்பது என்று கணவர் கேட்டார். தகரத்தை எடுத்துவிட்டால் தெருவே சொல்லிவிடும். அந்த வாரக் கடைசியில் நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய், அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பாய் போனதையும் ஜன்னலில் கை தூக்கியது பாயம்மா என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

மறுநாள் எதிர்வீட்டுப் பால் பை மேலே ஏறவில்லை. கயிற்றிலேயே வெயிலில் தொங்கியது. அதற்கடுத்த நாளும். நான் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மாடிக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன்.

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். "பாயம்மா," என்று துறைமுகத்தில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். தெரு முழுக்க அது எதிரொலித்தது. இரண்டாம் முறை கூப்பிட்டதும் எதிரே திரை அசைந்தது.

"திரைய நல்லா போட்டுக்கோம்மா. மொகத்த காட்ட வேணாம், பதிலும் சொல்ல வேணாம். அவன பத்தி உனக்குத் தெரியாததெல்லாம் நான் சொல்றேன். நீ கேளு, அது போதும்."

அப்புறம் பேச ஆரம்பித்தார். சேர்ந்த புதிதில் பாய் ஏணியில் ஏறப் பயந்தது, மழையில் ஒரே கோணிக்குள் இருவரும் நின்றது, மகன் பிறந்த அன்று வேலைக்கு வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது. ஆளில்லாத தெருவில், அசையாத ஒரு திரையைப் பார்த்து அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார். கீழே வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பால் பை மெல்ல மேலே ஏறியது.

அன்றிலிருந்து அப்பா எங்களோடு கீழேதான் சாப்பிட்டார். என் கணவர் வாசலோரம் தள்ளி உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். அடுத்த வருடம் இரண்டாவது முறை காய்ச்சல் பரவியபோது எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். ஆனால் படியேற முடியாமல் போனது. மாடியிலேயே வைத்திருந்தால் வந்திருக்காது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அவர்களிடம் நான் வாதாடவில்லை. மாடியில் தட்டு பாதி நிறைந்து திரும்பி வந்த நாட்களை அவர்கள் பார்க்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு கண் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த வாரம் பாயம்மா பார்க்க வந்தார். இத்தா எப்போதோ முடிந்திருந்தது. அப்பா அவரை வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதம்மா. மொத நாளு நான் ஜன்னல்ல பாத்தது உன்ன இல்ல."

நான் டீயோடு அப்படியே நின்றுவிட்டேன். பாயம்மா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நாற்காலியை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னா சட்ட போட்டுகினு இருந்தாரு?" என்று கேட்டார்.