சாருக்காக இழுத்துவைத்த விறகு

தேவிகாபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சம்பந்தம் சார் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். முந்தைய நாள்கூட ஆசிரியர் அறையில் என்னோடு டீ குடித்தவர். ஆரணியில் இறங்கி அவர் வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஒரு சாயப்பட்டறைக்குப் புகைபோக்கி வைக்கச் செய்யவேண்டும் என்று அலைந்தார். அதைப் பார்க்காமலே போய்விட்டாரே.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கருவி மறந்திருக்காது. தீப்பெட்டி அளவு இருக்கும், சட்டைப்பையில் மாட்டிக்கொள்வார். காற்றில் எவ்வளவு நுண்தூசி இருக்கிறது என்பது கம்பியில்லாமலே அவர் செல்போனுக்கு வந்துவிடும். நல்ல காற்றென்றால் திரை பச்சை, மோசமென்றால் சிவப்பு. பஸ் ஸ்டாண்டில் அளப்பார், அரிசி ஆலை வாசலில் அளப்பார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவரை நிறுத்திவைத்து அளந்த மனிதர் அவர். இயற்பியல் வாத்தியாரைப் பந்திக்குக் கூப்பிட்டால் அப்படித்தான்.

எங்கள் தெருக்கோடிப் பட்டறையில் பட்டுநூலுக்குச் சாயம் காய்ச்சுகிறவர் தனகோட்டி. விறகடுப்புப் புகை போக வழியில்லை. அவருடைய இருமல் தெருவுக்கே கேட்கும். சார் போய்ப் பேசியதும் பட்டறை முதலாளி நியாயமாகத்தான் பதில் சொன்னார்: செல்போனில் சிவப்பு காட்டட்டும், புகைபோக்கி கட்டிவிடுகிறேன்.

வருகிறேன் என்று போன் செய்து சொல்லிவிட்டு சார் பலமுறை போனார். ஒவ்வொரு முறையும் பச்சை. கருவியைத் துடைத்துப் பார்த்தார், மாற்றுக் கருவி வாங்கிப் பார்த்தார். "சுவரு கறுத்துக் கெடக்குது, போன் பச்சையா இருக்குது. எத நம்பறது டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். சொல்லாமல் திடீரென்று போய் நில்லுங்கள் என்றேன். "ஒருத்தர் வேலை செய்யற எடத்துல சொல்லாம போய் அளந்தா அது வேவு பாக்கறது" என்று மறுத்துவிட்டார். நல்ல பிடிவாதம், என்ன செய்வது. பச்சையைப் பச்சையென்றே முதலாளியிடம் காட்டினார். பேச்சு அதோடு முடிந்தது.

முள்ளிப்பட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒரு தறிவீட்டில் அளக்கப் போன சாரின் கருவியை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்து, கொத்தாக ஊதுவத்தி கொளுத்திவிட்டார்கள். திரை செக்கச்செவேலென்று ஆனது. "மிஷினுக்கு மரியாதை பண்ணிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மரியாதையே அளவைக் கெடுத்துவிடும் என்பது அங்கே அவ்வளவு தெளிவாகப் புரிந்தது, இங்கே புரியாமல் போய்விட்டது.

காரியத்தன்று தனகோட்டி வந்திருந்தார். பச்சையே வந்த கதையை நான் புலம்பியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"சார் வர்றேன்னு போன் பண்ணா வெறகெல்லாம் வெளிய இழுத்துட்டு, தணல மட்டும் வுட்டுட்டு, தரைல தண்ணி தெளிச்சி வெப்போங்க. வெள்ளைச் சட்டை போட்டுகினு வர்ற மனுசன புகைல நிக்கவெக்கலாமா? எங்களுக்காகத்தான் அளக்கறாருன்னு தெரியாதுங்களே."

சாயக் கொப்பரையில் ஆவி பறக்கும், தணல் சிவந்திருக்கும். பட்டறை வழக்கம்போல நடக்கிறதென்று சார் நம்பியிருக்கிறார். எதற்காக அளக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னாரே தவிர, மூச்சு விடுகிறவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை சொல்லாததால் இவ்வளவு காலம் அந்த மனிதர் இருமியிருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

சாரின் மனைவி அந்தக் கருவியை என்னிடம் கொடுத்தார். அடுப்பு முழுதாக எரியும்போது போய் நின்றேன். திரை சிவந்தது. முதலாளி வாக்கு மாறவில்லை. செங்கல் வந்து இறங்கியிருக்கிறது. பார்க்க வேண்டியவர்தான் இல்லை.

சொல்லாமல் அளப்பதில்லை என்ற அவருடைய வழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். எங்கே போனாலும் முதலில் போன் செய்கிறேன். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: "எனக்காக எதையும் அணைக்காதீங்க. நீங்க இழுக்கற மூச்சத்தான் அளக்க வர்றேன்."