இடுப்பளவுச் சோளம்

இந்த ஊரில் சோளம் என் இடுப்பைத் தாண்டி வளர்வதில்லை. கான்சாஸின் மேற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்த முதல் இலையுதிர் காலத்தில், சாலையோரம் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். இலை சோளத்தின் இலை. கதிர் சோளத்தின் கதிர். ஆனால் யாரோ தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்ததைப் போல மொத்தப் பயிரும் குள்ளமாக, ஒரே மட்டமாக, அடிவானம் வரை நின்றது. பள்ளிகொண்டாவுக்கு அருகே எங்கள் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் சோளம் ஆளை மறைக்கும். கதிரைத் தொட வேண்டுமென்றால் தட்டையை வளைக்க வேண்டும். இங்கே நான் குனிந்து பார்த்தேன். பெயரும் வேறு: மைலோ. மாட்டுக்கும் பறவைத் தீவன மூட்டைக்கும் போகிறதே தவிர, இந்தப் பக்கத்தில் அதைச் சமைப்பவர் யாரையும் நான் காணவில்லை. எங்கள் வீட்டில் சோளக் களி கிண்டிச் சாப்பிடுவோம் என்று பக்கத்துப் பண்ணைக்காரி மார்த்தாவிடம் ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னைப் பரிவோடு பார்த்து, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

என் கணவர் பாகாயத்தில் செவிலியர் படிப்பு முடித்தவர். இங்கே ஒரு சிறு மருத்துவமனையில் வேலை. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் தமிழ் முதுகலை படித்தவள். இந்த இரண்டு தகுதிகளுக்கும் கோதுமையும் சோளமும் மட்டுமே விளையும் சமவெளியில் என்ன வேலை கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மார்த்தா கேட்டாள், டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள விருப்பமா என்று.

அவளுக்கு அது நெருக்கடியான ஆண்டு. கணவர் கென் கோடையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். எப்போதும் அறுவடை இயந்திரத்தை அவர் ஓட்டுவார். தானிய வண்டியை டிராக்டரில் கட்டி இவள் இழுப்பாள். நகரத்தில் வசிக்கும் மகன் பிரையன், நிலத்தைப் பெரிய பண்ணைக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான். மார்த்தா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தாய்க்கும் மகனுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்த அறுவடையை அவளே செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து, அறுத்த நிலத்தை நடந்து பார்ப்பான். மணி தரையில் கொட்டிக் கிடந்தால் குத்தகை. இல்லாவிட்டால் நிலம் அவள் கையில். ஆகவே மார்த்தா இயந்திரத்தில் ஏறினாள்; அவள் விட்டுவந்த டிராக்டரில் நான் ஏறினேன்.

அறுவடை இயந்திரத்தின் முகத்தை இவர்கள் ஹெட்டர் என்கிறார்கள். ஒரு வீட்டின் அகலத்துக்கு நீண்ட அந்த முகத்தின் அடியில் பல்வரிசை போன்ற கத்தி ஓடுகிறது. அதற்கு மேலே, நீளப் பட்டைகள் கொண்ட ரீல் நீர்ச்சக்கரம் போலச் சுழல்கிறது. பட்டைகள் பயிரை மெல்லச் சாய்த்துக் கத்திக்குக் கொடுத்து, வெட்டுண்ட கதிரை உள்ளே தள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் நெல் அறுக்க வரும் மிஷினிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அதை நான் வரப்பில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, எது எதற்கு என்று கேட்டதில்லை.

முதல் சுற்றிலேயே தரையில் மணிகள் செம்புள்ளிகளாகக் கிடந்தன. மார்த்தா உடனே எதையும் திருகவில்லை. எங்கே சிந்துகிறது என்று தெரியாமல் கை வைக்காதே என்பது கென்னின் கட்டளை. இயந்திரத்தை நிறுத்தி, சில அடிகள் பின்னால் எடுத்து, எஞ்சினை அணைத்தாள். மூன்று இடங்களில் மண்டியிட்டுப் பார்த்தோம். இன்னும் அறுக்காத பயிரின் காலடியில் கிடப்பது காற்று உதிர்த்தது. ஹெட்டர் கடந்து, இயந்திரத்தின் உடல் இன்னும் கடக்காத இடத்தில் கிடப்பது ஹெட்டர் சிந்தியது. இயந்திரத்தின் வாலுக்குப் பின்னால் கிடப்பதில் உள்ளே அடித்துப் பிரிக்கும்போது தப்பியதும் சேர்ந்திருக்கும். ஒரே மண்ணில் விழுந்த ஒரே மணிக்கு இப்படி மூன்று வரலாறுகள் உண்டு என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் இழப்பில் பெரும்பங்கு ஹெட்டரடியில் கிடந்தது. மணிகள் மட்டுமல்ல, முழுக் கதிர்களே கிடந்தன.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கத்தி கதிருக்குச் சற்றுக் கீழே, மிக உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல் தட்டை அப்படியே நிலத்தில் நின்றது. என் கண்ணுக்கு அது அநியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் சோளத்தை அடியோடு அறுப்பார்கள். கதிரைப் பிறகு ஒடித்துக்கொள்ளலாம். தட்டைதான் கோடை முழுவதும் மாட்டைக் காப்பாற்றுவது. அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தவளை ஊரே ஏசும். "இன்னும் தாழ்த்தினால் கதிர் தப்பாதே" என்றேன் மார்த்தாவிடம். புதிதாக ஓட்டுபவளின் பதற்றத்தில் அவளும் கேட்டுவிட்டாள். ஹெட்டர் இறங்கியது. பச்சைத் தட்டை கட்டுக் கட்டாக உள்ளே போனது. சிறிது தூரத்தில் இயந்திரம் முனகியது. ஈரச் சக்கையில் ஒட்டிக்கொண்ட மணிகள் வால் வழியாக வெளியேறின. முன்னால் சிந்தியது போதாதென்று இப்போது பின்னாலும் சிந்தியது.

மதியம் கென் விழுந்து விழுந்து சிரித்தார். "தட்டையை எதற்கு அறுத்தீர்கள்? வீட்டுக்கூரை வேயவா?"

"மாடுகளுக்கு" என்றேன்.

"மாடுகளுக்குக் கால் இருக்கிறதே, செல்வி!"

உறைபனி விழுந்து தட்டை காய்ந்ததும் வேலியைத் திறந்து மாடுகளை உள்ளே விடுவார்களாம், நிற்கும் தட்டையை அவையே மேய்ந்துகொள்ளுமாம். எங்கள் ஊரில் தட்டை மாட்டிடம் போகும். இங்கே மாடு தட்டையிடம் வருகிறது. நான் செய்தது தவறுதான். ஆனாலும் தட்டைக்கு ஓர் ஊர் கொடுக்கும் மரியாதையை நான் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறேன் என்பதை அந்தத் தவறுதான் எனக்குக் காட்டியது.

கத்தி மறுபடி உயர்ந்தது. பின்னால் சிந்துவது நின்றது. முன்னால் கதிர் விழுவது நிற்கவில்லை. வார இறுதியில் பலத்த காற்று வரும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. சாய்ந்த பயிரை எந்த ஹெட்டரும் காப்பாற்றாது. அன்றிரவு மார்த்தா சரியாகச் சாப்பிடவில்லை என்று கென் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் காலை டிராக்டரில் ஏறும் முன் ஆம்பூரிலிருந்து என் அக்கா அழைத்தாள். நான் இருந்த அதே கட்டிங் செக்‌ஷனில் இன்றும் இருப்பவள்.

"இன்னாடி பண்ற, அமெரிக்காகாரி?"

"சோளம் அறுக்கறேன்க்கா."

"அதுக்கு இங்கியே இருந்திருக்கலாமே! பாஸ்போர்ட்டு, விசான்னு எத்தினி பேஜாரு!"

கதிர் சிந்துவதைச் சொன்னேன். அவளுக்கு ஒரே குஷி.

"வேஸ்டேஜ் ஜாஸ்தியா? சூப்பர்வைசரா இருந்தப்ப எங்கள இன்னா பாடு படுத்துன! நல்லா அனுபவி. 'கத்திய குத்தம் சொல்லாதீங்க, தோல எப்டி குடுக்கறீங்கன்னு பாருங்க'ன்னு கத்துவியே, இப்ப போயி அந்த சோளத்தாண்ட கத்து!"

கிண்டல்தான். ஆனால் நான் முந்தைய நாள் முழுவதும் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்திக்குக் கதிரைக் கொடுக்கும் ரீலைப் பார்க்கவில்லை. அன்று மார்த்தாவை மெதுவாக ஓட்டச் சொல்லி, தள்ளி நின்று கவனித்தேன். ரீல் இயந்திரத்தின் நடையைவிட மிக வேகமாகச் சுழன்று, பட்டைகளால் கதிரின் தலையில் அறைந்தது. கழுத்தொடிந்த கதிர் சில நேரம் முன்னால் விழுந்தது. சில நேரம் பட்டையில் தொற்றி ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எறியப்பட்டது. மார்த்தா ரீலின் வேகத்தைக் குறைத்தாள், இயந்திரத்தின் நடைக்குச் சற்றே முந்துமாறு. பட்டை கதிரின் தலையில் படாமல் கழுத்துக்குக் கீழே அணைக்குமாறு உயரத்தை மாற்றினாள். சிந்துவது பாதியாகியிருக்கும். பட்டையில் தொற்றும் கதிர்கள் மட்டும் மிஞ்சின. கதிர் தொற்றாமலிருக்கத் தன் தந்தை பழைய ரப்பர் பெல்ட்டை வெட்டிப் பட்டைகளில் கட்டுவார் என்று கென்னுக்கு நினைவு வந்தது. கொட்டகையில் பெல்ட் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு மார்த்தா அளந்தாள். நான் வெட்டித் துளையிட்டேன். தோல் வெட்டும் ஊரில் பழகிய கை, ரப்பரிலும் ஓரத்தை வீணாக்கவில்லை. "உன் ஊரில் குதிரைச் சேணம் செய்வார்களா?" என்றாள் அவள். ஷூ என்றேன். என் காலில் இருந்த, இங்கேயே கடையில் வாங்கிய ஷூவை அவள் வெகுநேரம் மரியாதையோடு பார்த்தாள்.

ரப்பர் கட்டிய ரீல் கதிரை எறியவில்லை. நடையைக் கூட்ட ஆசைப்படாமல், காற்று வருவதற்குள் அறுத்து முடித்தோம். முதல் நாள் சிந்திய வரிசைகளில் கிடந்த கதிர்களைக் கையால் பொறுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை பிரையன் வந்தான். நல்ல பிள்ளை, தாயைத் தோற்கடிக்க வந்தவனாகத் தெரியவில்லை. ஆனால் கண்டிப்பாகப் பார்த்தான். வரிசை வரிசையாக, குனிந்து, தட்டைகளைக் கையால் விலக்கி, தரையைத் தேடியபடி நடந்தான். மார்த்தா வேலியோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அம்மாவின் முதுகு தெரிந்தது.

அம்மா பிறர் கொல்லைகளில் அறுக்கப் போனவள். அறுத்த மறுநாள் காலை, அறுத்த பெண்களே அந்தக் கொல்லைக்குள் பொறுக்கப் போகலாம். கீழே கிடப்பது அவர்களுடையது. அதனால் அறுக்கும்போது கை கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். கொல்லைக்காரருக்கும் அது தெரியும்; தெரியாததுபோல வேறு பக்கம் பார்ப்பார். அங்கே சிந்துவதற்கு இழப்பு என்று பெயரில்லை. ஒருமுறை கங்காணி போட்டு ஒரு கதிர் விடாமல் அறுக்க வைத்த ஒருவரின் கொல்லையில், வெறும் முந்தானையோடு நிமிர்ந்து நின்று அம்மா சொன்னாள்: "தொடச்சி வெச்சா மாரி கீது பாருடி. இவன்லாம் ஒரு மனுசனா?"

பிரையன் கடைசி வரிசையில் நிமிர்ந்தான். உள்ளங்கையில் இருந்த சில மணிகளைக் காட்டி, "அம்மா, கீழே ஒன்றுமே இல்லை" என்றான். "அடுத்த ஆண்டு விதைக்குச் சொல்லிவிடு." மார்த்தா முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நானும் சிரித்தேன், அதில் பொய் இல்லை. அந்தத் தரையைத் துடைத்ததில் என் கையும் இருந்தது.

மூவரும் வீட்டை நோக்கி நடந்தோம். தாயும் மகனும் அடுத்த விதைப்பை எந்தப் பக்கம் தொடங்குவது என்று கை நீட்டிப் பேசிக்கொண்டு முன்னே போனார்கள். நான் அவர்களுக்குச் சற்றுப் பின்னால், தலை கவிழ்ந்து, ஒரு கதிராவது கிடக்காதா என்று தேடிக்கொண்டும், கிடந்துவிடக் கூடாதே என்று அஞ்சிக்கொண்டும் நடந்தேன்.