இசக்கியம்மாளின் இட்லியும் எங்கள் மஞ்சள் பையும்

இசக்கியம்மாள் டிபி மாத்திரையை நிறுத்தியது எங்கள் பையால்தான். பெயரை மாற்றியிருக்கிறேன், இட்லியை மாற்றவில்லை. மும்பை தாராவியில் ஒரு சந்து முனையில் காலையில் இட்லிக் கடை போடுபவர் அவர். மருந்து ஆரம்பித்து, சளி டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்து, டாக்டரே கடை போடலாம் என்று சொல்லியாகிவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் எங்கள் சுகாதார நிறுவனத்துக்குப் பொறுக்குமா? அங்கே நான் ஃபீல்டு சூப்பர்வைசர். சமீபத்தில்தான் ரிட்டயர் ஆனேன்.

1. மஞ்சள் பை

நோயாளிகளுக்குப் பருப்பு, வேர்க்கடலை, வெல்லம் தருவது நல்ல திட்டம். அதைப் பளீர் மஞ்சள் பையில் போட்டு, மேலே நுரையீரல் படமும் 'டிபியை விரட்டுவோம்' என்று மூன்று மொழியில் வாசகமும் அச்சடித்தது எங்கள் டைரக்டரின் மூளை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்திலிருக்கும் தாராவியை பவர்பாயிண்டில் நன்றாக அறிவார். எங்கள் ஆட்கள் கம்பெனி ஜாக்கெட்டோடு போய், இசக்கியம்மாள் வீட்டு வாசலில் வைத்தே பையைக் கொடுத்து போட்டோவும் எடுத்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து அது. மறுநாள் இட்லி அப்படியே மிஞ்சியது.

அவர் மாத்திரை வாங்க வரவில்லை. தேடிப் போனேன்.

"பருப்பு குடுத்திய, சரி. எம் பொழப்ப எதுக்கு மேடம் கெடுத்திய? கிருமி இல்லன்னு டாக்டரு சொன்னாவல்லா, அத ஒங்க பையில எழுதலயே?"

"பாதியில நிறுத்தினா வியாதி திரும்பிடும்மா. அப்புறம் இதே மருந்து கேக்காது."

"யாவாரம் நின்னா வகுறு கேக்குமா?"



2. வெள்ளைப் பை

மீட்டிங்கில் இதைச் சொன்னேன். டைரக்டருக்கு முகம் வாடிவிட்டது.

"லோகோ இல்லாம எப்படி? ஃபண்ட் குடுக்கறவா போட்டோ கேப்பாளே!"

கடைசியில் ஒரு கன்சல்டண்ட் வந்து, ஒன்றுமே எழுதாத வெள்ளைப் பையைச் சிபாரிசு செய்தார். அதற்குக் 'கண்ணியப் பை' என்று பெயர் சூட்டி விழாவும் எடுத்தோம். தாராவியில் பை என்றால் ஊரிலிருந்து வந்த துணிக்கடைப் பை, இல்லாவிட்டால் சாக்கில் தைத்தது. எழுத்தே இல்லாத புத்தம் புது வெள்ளைப் பையோடு ஒருவர் நடந்தால் சந்துக்கே தெரியாதா? சீக்கிரமே அது இந்தியில் 'டிபி தைலி', அதாவது டிபிப் பை, ஆகிவிட்டது.

"ஒண்ணுமே எழுதலையே, எப்படிக் கண்டுபிடிச்சா?" என்று டைரக்டர் வியந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3. தட்டு

இசக்கியம்மாளைக் கெஞ்சி மறுபடி டெஸ்டுக்கு அழைத்துப் போனேன். நல்லவேளை, கிருமி இல்லை.

"இனிமேலாவது மாத்திரை சாப்பிடுங்கம்மா."

"திங்கேன். எல்லாரும் பாக்க எங்கடையில நின்னு நீங்க இட்லி திம்பியளா?"

மறுநாளே, கழுத்தில் ஆபீஸ் கார்டு தொங்க, கடை முன் நின்று தின்றேன். தினமும் தின்றேன். சட்னியின் காரம் கண்ணில் நீர் வரவைத்தது. முதலில் சந்தே வேடிக்கை பார்த்தது. பிறகு ஒரு டெய்லர் பக்கத்தில் வந்து, "மேடம், ஆப் கா ரஹே ஹோ?" என்று, நீங்களே சாப்பிடுகிறீர்களா என்கிற ஆச்சரியத்தோடு இந்தியில் கேட்டுவிட்டு அவரும் ஒரு தட்டு வாங்கினார். கூட்டம் மெல்லத் திரும்பியது. இசக்கியம்மாள் மருந்தை முழுதாக முடித்தார்.

டைரக்டருக்குச் செய்தி போனது. 'நோயாளியை ஒதுக்காதீர்' என்று போஸ்டர் அடித்து விழா எடுத்து, அதில் அவரை மேடையேற்ற வேண்டும் என்றார். இசக்கியம்மாளிடம் கேட்டேன்.

"மேடையெல்லாம் எதுக்கு? ஒங்க சார கடைக்கு வந்து ரெண்டு இட்லி தின்னுட்டுப் போவச் சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொன்னேன்.

"நேக்கு வெளில சாப்ட்டா ஒத்துக்காதே" என்றார். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் நின்றுகொண்டே மசால் தோசை தின்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். போஸ்டர் அடிக்கும் முன் நோயாளி கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முடியாது என்றால் போஸ்டரை உங்கள் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டுங்கள். அது அங்கேதான் தேவை.