அளந்த பிறகு கேட்ட கேள்வி

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில், எங்கள் வெள்ளாமைக் காட்டுக்கு அடுத்த காடு குழந்தைசாமி வீட்டாருடையது. அவன் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். காட்டுப்பன்றிக்குப் பயந்து ஊரே மரவள்ளியைக் கைவிட்ட வருஷம், அவன் மட்டும் பரண் கட்டிக் காவல் இருந்து கிழங்கு எடுத்தான். அவனோடு வாதாடினால் நமக்குத்தான் தாவு தீர்ந்துபோகும்.

போன தையில் அவனுடைய அப்பா அர்த்தனாரி இறந்துபோனார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் குழந்தைசாமி, அடுத்தவன் மணிவண்ணன், கடைக்குட்டி அருணா. அருணாவை ஆலத்தூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே பிழைக்க வழியில்லாமல், புருஷனோடு மலையிறங்கி அடிவாரத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

சொத்து என்று பார்த்தால் ஒரே ஒரு சரிவுதான். மேலே சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, நடுவில் மரவள்ளி, கீழே பள்ளத்தில் நெல்வயல்.

எங்கள் ஊரில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. நிலத்தை அளக்கக் கயிறு போடுவதற்கு முன்னால், பெண்மக்களை உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் கண்ணு என்று பெரியவர்கள் கேட்பார்கள். அண்ணன் தம்பி நன்றாக இருந்தால் போதும், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொல்வாள். உடனே ஒரு சேலையைக் கையில் கொடுப்பார்கள். அதன் பிறகு ஆண்கள் அளக்கப் போவார்கள். அவள் வாயால்தானே சொன்னாள் என்று ஊரும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கலையும். இதற்குக் கேள்வி என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம். பதில் தெரிந்துதானே சேலையை முன்கூட்டியே வாங்கிவைக்கிறோம்?

மணிவண்ணனும் வாங்கி வைத்திருந்தான். நல்ல சேலைதான், குறைசொல்ல முடியாது. அவனும் கெட்டவன் இல்லை. பாதி மிளகுத் தோட்டம் வந்துவிடும் என்று நம்பி, சரிவின் ஓரத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டான், பாவம்.

பாகம் பிரிக்கிற அன்று காலை பஸ்ஸில் அருணா வந்து இறங்கினாள். பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் குழந்தைசாமி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

"மொதல்ல அளக்கோணுங்க. கேக்கறத அப்பறம் கேளுங்க."

வழக்கம் அப்படி இல்லையே என்றார்கள். எத்தனை பாகமாக அளக்கப்போகிறாய் என்று மணிவண்ணன் கேட்டான். மூன்று என்றான் குழந்தைசாமி. வேண்டாம் என்று சொல்லப்போகிறவளுக்கு எதற்குப் பாகம், இது வெட்டி வேலை என்று தம்பி குதித்தான். நம் பங்கும் அல்லவா குறையும் என்று குழந்தைசாமியின் மனைவி கவிதா அவன் காதைக் கடித்தாள். குழந்தைசாமி சரிவைப் பார்த்து நடந்தான். பாயில் உட்கார்ந்திருந்து நாங்கள் மட்டும் என்ன செய்வது? எல்லோரும் பின்னாலேயே போனோம்.

மேலே மிளகிலிருந்து கீழே வயல்வரை நெட்டுவாக்கில் மூன்று துண்டு போட்டான். ஒவ்வொரு துண்டிலும் மிளகு, கிழங்கு, நெல் மூன்றும் விழுந்தன. எல்லைக்குக் கிளுவைக் குச்சி நட்டான். மணிவண்ணன் ஒரு குச்சியைப் பிடுங்கி எறிந்தான். அண்ணன் அதைப் பொறுக்கிவந்து அதே குழியில் நட்டான். மறுபடி பிடுங்கினான். மறுபடி நட்டான். திட்டவுமில்லை, முறைக்கவுமில்லை. கடைசியில் தம்பிக்குத்தான் கை சலித்தது.

அளந்தவன் நான், அதனால் நீங்கள் இருவரும் எடுத்தது போக மிச்சம் எனக்கு என்றான் குழந்தைசாமி. மணிவண்ணன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தன் அஸ்திவாரத்தை ஒட்டிய துண்டைக் கையால் காட்டினான்.

தன்னால் அண்ணன்கள் அடித்துக்கொள்கிறார்களே என்ற பயம் அருணாவுக்கு.

"எனக்கு வேண்டாங்கண்ணா" என்றாள் குழந்தைசாமியிடம்.

"வேண்டாங்கறது உன்ற இஷ்டம் சாமி. ஆனா கைக்கு வராதத வேண்டாம்னு சொல்லாத. உனக்குப் புடிச்ச துண்டுல போய் நில்லு. நின்னுட்டு அப்பறம் சொல்லு."

அவள் நடுத் துண்டுக்குள் போனாள். வயல்வரை இறங்கி, மெதுவாக மேலே ஏறிவந்தாள். மிளகு ஏறிய மரங்களுக்கு நடுவே நின்றாள். பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உனக்கு என்ன வேண்டும் கண்ணு என்று முறைப்படி கேட்டார். மணிவண்ணன் சேலைப் பையோடு ஒரு அடி முன்னால் வந்தான்.

அருணா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மரத்திலிருந்து சரிந்து கிடந்த ஒரு மிளகுக் கொடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் கட்டாம உட்டுட்டீங்களேண்ணா" என்றாள். "கயிறு இருந்தா இங்க போடுங்க."